பத்துக்குப் பத்து

மண்ணடி, அங்கப்ப நாயக்கன் தெரு, மாடி அறை.
பபிள்கம்மோடு வந்த பழைய கிரிக்கெட் சீட்டு.
சீட்டு அசல்தான்.
முனை மழுங்கல், முதுகில் வெள்ளைக் கீறல்,
ஆறுகூடத் தேறாது.
லேபிளில் பத்து என்று அடிப்பேன்.
எங்கோ ஒருவன் பெட்டகத்தில் தூங்கும்
அசல் பத்தின் நம்பரை இதற்கும் போடுவேன்.
செல்லில் தட்டினால் பச்சை டிக் விழும்.

சீல் வைப்பது நஸ்ரின்.
ஒருநாள் அவள் இமைமயிர் ஒன்று
பிளாஸ்டிக் ஓட்டுக்குள் விழுந்து
பிறையாக மூடிக்கொண்டது.
"போவட்டும், யாரு பாக்கப்போறா."

ஏழு மாதம் கழித்து
என் பர்மா பஜார் கடைக்கு டில்லிபாபு வந்தான்,
ஹார்பரில் கிரேன் ஓட்டுபவன்.
டிபன் பாக்ஸுக்குள் கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் அது.
"பெங்களூர்ல புடிச்சேண்ணே. பி.எஃப். பணம் மொத்தமும்.
நீ பாத்து சொல்லிட்டா போதும்."
பார்த்துச் சொல்ல என் கூலி இருநூறு.

ஊதா டார்ச்சை அடித்தேன்.
இடது மூலையில் அந்தப் பிறை.

எதிரே பீச் ஸ்டேஷனில்
ரயில் கிளம்பிப் போகும்வரை குனிந்தே இருந்தேன்.
"இன்னாண்ணே, பத்துதான?"

"முனையில லேசா..." என்று ஆரம்பித்து
அவனைப் பார்த்துவிட்டேன்.
"லேசா தூசி" என்று முடித்தேன்.

சட்டை நுனியால் துடைக்கிறான்.
எச்சில் தொட்டுத் துடைக்கிறான்.