விடுபட்டது எது

திருவட்டாறிலிருந்து ப்ரீதா என்றொரு பெண் கூப்பிட்டாள்.
பள்ளி உளவியல் முதுகலைக்கு விண்ணப்பம் போடப் போகிறாளாம்.
"மத்த காலேஜ்ல இல்லாதது உங்க கோர்ஸ்ல என்னக்கா இருக்கு?"

வடசேரி நிலையத்தில் நின்றிருந்தேன்.
குளச்சல் வண்டி இன்னும் வரவில்லை.
கையேட்டில் அச்சடித்திருப்பதைச் சொன்னேன்:
இரண்டு வருடம், ஆயிரத்து இருநூறு மணி நேரக் களப்பணி,
ஒன்பது பேருக்கு மேல் எடுப்பதில்லை.
"ம்" என்றாள்.
அது பதில் இல்லை என்று எனக்கும் தெரிந்தது.

கேள், ப்ரீதா.
முதல் ஆறு வாரம் எங்களுக்குப் பெயரடை தடை.
கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும்,
கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்.
'சோம்பலான பையன்' என்று எழுதினால் நோட்டு திரும்பி வரும்.
'பதினோரு நிமிடத்தில் நான்கு முறை ஜன்னலைப் பார்த்தான்'
என்றால் வைத்துக்கொள்வார்கள்.
அந்தப் பழக்கம் வீடுவரை தொற்றி
குழம்பு உப்பு என்று சொல்ல வராமல்
"மூணு வாய்க்கு ரெண்டு டம்ளர் வெள்ளம் குடிச்சேன்" என்றேன்.
அக்கா கரண்டியை வைத்துவிட்டு
அடுக்களையை விட்டே போனாள்.

ஏழாம் வாரம்தான் பெட்டியைத் தொட விட்டார்கள்.
சோதனைப் பெட்டி:
கட்டைகள், கடிகாரம், வழவழப்பான படங்கள்.
ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும்.
எது என்று பிள்ளை சொல்ல வேண்டும்.

குளச்சல் பக்கம் ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பு.
ஆன்றோ ஷிபின்.
"பையன் மந்தம், மிஸ்" என்று
வருகைப் பதிவேடு போல எல்லோரும் வாசித்துக் காட்டிய பெயர்.
படம் பதினான்கு: ஒரு வள்ளம், ஒரே ஒரு துடுப்பு.
விடுபட்டது எது?
படத்தைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தான்.
"எஞ்சின்."
வேறு?
"ஐஸ் பெட்டி. வயர்லெஸ். டீசல் கேன்.
ஆளே இல்லியே மிஸ், இது எப்படிக் கடலுக்குப் போவும்?"

விடைத்தாளில் துடுப்பு மட்டும்தான் சரி.
பூஜ்யம் போட்டேன்.
போடத்தான் வேண்டும், விதி அது.
ஆனால் எங்கள் படிவத்தில்
மதிப்பெண் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு,
தலைப்பே இல்லாமல்.
அதில் எழுதினேன்: எஞ்சின், ஐஸ் பெட்டி, வயர்லெஸ், டீசல், ஆள்.
இடம் போதாமல் ஓரத்தில் ஏறிப் போனது.

இன்னொன்று.
அறிக்கையை வீட்டாருக்கு வாசித்துக் காட்டாமல்
கையெழுத்துப் போடக் கூடாது.
அவர்களுக்குப் புரியாத சொல்லை
அந்த இடத்திலேயே வெட்ட வேண்டும்.
அவன் அம்மா புஷ்பலீலா திங்கள்சந்தையில் மீன் விற்கிறார்.
நீலத் தார்ப்பாயின் கீழ்
கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து வாசித்தேன்.
"செயல்படு நினைவுத்திறன்..."
"சாளை என்ன விலை?"
"நூறு ரூவாய்க்கு இருவது. நீ படி பிள்ளே."
"புலன்சார் ஒருங்கிணைப்பில்..."
"அது என்னது?"
வெட்டினேன்.
இரண்டாம் பக்கத்தில் ஏழு வெட்டு.
மூன்றாம் பக்கத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது,
இன்னும் கோப்பில் இருக்கிறது.

முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"எல்லாம் செரிதான். எனக்க மவன் சிரிப்பானே,
அது இதுல எங்க எழுதியிருக்கு?"

நான்கு பக்கமும் புரட்டினேன்.
பன்னிரண்டு மணி நேரம் அவனைப் பார்த்திருக்கிறேன்.
ஜன்னலை எத்தனை முறை பார்த்தான் என்று தெரியும்.

அன்று கையெழுத்துப் போடவில்லை, ப்ரீதா.
மறுநாள் போய் மறுபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.
கணக்கு சார் சாக்பீஸைத் தவற விட்டபோது ஒன்று.
சத்துணவு வரிசையில், யாரோ தட்டைத் தலையில் கவிழ்த்தபோது ஒன்று.
பிறகு எண்ண முடியவில்லை, நானும் சிரித்துவிட்டேன்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
கையேட்டில் இல்லை.

வேலை கிடைக்குமா என்றும் கேட்டாய்.
போன வருடம் முடித்தவர்களில் நான்கு பேர் பள்ளிகளில்.
ஒருத்தி மார்த்தாண்டத்தில் நகைக்கடையில் கணக்கு எழுதுகிறாள்.
அதுவும் கையேட்டில் இல்லை.

விண்ணப்பத்தில் 'உங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் வரும்.
பெயரடை போடாமல் நிரப்பிப் பார்.

வண்டி வந்துவிட்டது.
ஜன்னல் இருக்கை கிடைத்தால் திரும்பக் கூப்பிடுகிறேன்.