புல எண் 417

புல எண் நானூற்றுப் பதினேழு
இன்று காலை ஏழு மணிக்குத் தண்ணீர்.
குறித்துக்கொண்டேன்.
போன முறை வந்தபோது நிலக்கடலை.
அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம், தகரக் கூரை, இரண்டே வகுப்பு.
அதற்கும் முன் தண்ணீர்தான்.

பாலியாடாங்காவில் சங்கிலி பிடிப்பவனுக்கு
நீந்தத் தெரிந்திருக்க வேண்டும்.
என் ஆள் மொக்சேத் நன்றாக நீந்துவான்,
எண்ணத்தான் வராது.

மூழ்கிய வயலுக்கும் வரி கட்டுகிறார்கள் இங்கே.
ரசீதைப் பாலிதீனில் சுற்றிக்
கூரைத் தகரத்தின் மடிப்பில் செருகிவைக்கிறார்கள்.
வீட்டைக் கழற்றிப் படகில் ஏற்றும் நாளில்
முதலில் கை போவது அங்கேதான்,
அப்புறம்தான் கோழிகள்.

பழைய வரைபடத்தை விரித்தால்
இந்த ஜமுனா அதில் இல்லை.
பிரம்மபுத்திரா கிழக்கே மைமன்சிங் பக்கமாக
அகலமாகப் போகிறது.
இங்கே ஒரு ஓடை,
வெள்ளைக்காரன் பேனாவை உதறியபோது தெறித்த கோடு மாதிரி.
பிறகு ஒரு வெள்ளம். பிறகு ஒரு முப்பது வருஷம்.
அந்தக் கோட்டுக்குள் மொத்த ஆறும் வந்து
காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.
பழைய ஆற்றை இன்று வெயில்காலத்தில்
மாடுகள் நடந்தே கடக்கின்றன.

ஜொரிமோனை அக்கரையில் கட்டிக்கொடுத்தார்கள்.
படகில் அரை நாள்.
பெருநாளுக்கு மட்டும் வந்துபோனாள்.
எட்டாம் வருஷம்
ஆறு அவள் பிறந்த ஊரைச் சுற்றிக்கொண்டு
கொல்லைப் பக்கமாகப் போய்விட்டது.
பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே கரை.
நடுவே ஈர மணல், நாணல், முழங்கால் தண்ணீர்.
மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு
இருட்டுவதற்குள் அம்மாவிடம் நடந்து போய்விடலாம்.
நான்கு முறை போனாள்.
ஐந்தாம் முறை பாதி மணலில் திரும்பிவிட்டாள்:
"இவ்வளவு பக்கத்தில் இருந்தால்
கோபம் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துபோகிறது."

அந்த மணல் யாருடையது என்பதுதான் வழக்கு.
அவள் அப்பாவின் மூழ்கிய வயல் மேலே வந்தது
என்கிறார்கள் அண்ணன்கள்.
எங்கள் கரையோடு ஒட்டி வளர்ந்தது
என்கிறான் அவள் புருஷன் இத்ரீஸ்.
இரண்டு பக்கமும் ரசீது.
இரண்டு பக்கமும் மூங்கில் தடி.
நான் நடுவில், குடையோடு.

அவள் யாரையும் கேட்கவில்லை.
வண்டல் காயும் முன்பே
மசூர் பருப்பைத் தூவிவிட்டாள்.
தீர்ப்பு வர ஒன்பது வருஷம்,
பருப்புக்கு நான்கு மாதம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இந்த ஆறு அளந்து எடுத்ததும் இல்லை,
அளந்து கொடுத்ததும் இல்லை.
நடுவில் எனக்குச் சம்பளம்.

கிழக்கு முளை அடித்தோம்.
மேற்கு முளை அடிக்கப் போனால்
ஒரு கட்டி மண் தொப்பென்று விழுந்தது,
பின்னாலேயே இன்னொன்று.
பச்சை முளைவிட்ட பருப்போடு.

"எவ்வளவு வருகிறது?" என்றாள் ஜொரிமோன்.
ஒன்றே முக்கால் பிகா, என்றேன்,
சாயங்காலம் வரைக்கும்.

மொக்சேத் எண்ணிக்கையை விட்டுவிட்டானாம்.
மறுபடி முதலிலிருந்து.