செவ்வாய்க்கிழமைத் தட்டு

கேப் கோஸ்ட்டுக்கு மேற்கே,
பெரிய அலை வந்தால் மதிலை நனைக்கும் மெதடிஸ்ட் ஆலயம்.
எங்கள் சபையில் பிறந்த கிழமைப்படிதான் காணிக்கை.
ஞாயிறில் பிறந்தவர்கள் முதலில் எழுந்து ஆடிக்கொண்டே போவார்கள்,
பிறகு திங்கள், பிறகு நாங்கள்.
எந்தக் கிழமை அதிகம் தந்தது என்று
கடைசியில் போதகர் அறிவிப்பார்.
செவ்வாய் ஜெயித்ததே இல்லை.
செவ்வாயன்று கடலுக்கு ஓய்வு, ஒரு படகும் இறங்காது.
அன்று பிறந்தவன் கையில் என்ன இருக்கும் என்று
சனிக்கிழமைக்காரர்கள் சிரிப்பார்கள்.

நான் எபோ க்வான்சா, கணக்கு வாத்தியார்,
பதினோரு வருடமாகச் சபையின் பொருளாளர்.
தட்டுவரை நடப்பேன், ஆடுவதில்லை,
கக்கத்தில் பேரேடு இருக்கும்.
ஆராதனை முடிந்ததும் பின்னறையில்
மின்விசிறியை நிறுத்திவிட்டு எண்ணுவேன்.
யார் போட்டது என்று ஒருவரும் சொல்ல வேண்டாம்.
பனையெண்ணெய்ப் பிசுக்கென்றால் சந்தைக்கார எஃபுவா.
இஸ்திரி போட்ட தாள் தையற்கார ஜோஜோவுடையது.
மீன் புகை அடித்தால் அராபா.

அன்று புகையடித்த தாள் ஒன்று, ஐந்து செடி.
ஓரம் கிழிந்து நீல டேப் ஒட்டியிருந்தது.
ஒட்டியவன் நான்.
வியாழனன்று அதை அராபாவின் கையில் வைத்தவனும் நான்.
புகை ஏறி அவள் கண் மங்கிக்கொண்டு வருகிறது,
மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வேன் காசு.
திருப்பித் தர வேண்டாம் என்று
பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படிச் சொல்லியிருந்தேன்.

கோபத்தில் எண்ணிக்கை இரண்டு முறை தப்பியது.
கண் போகிறவளிடம் காசு வேண்டும் என்று
எந்தத் தேவன் கேட்டார்?
சங்கடம் என்னவென்றால்,
காணிக்கை குறைகிறது என்று போன மாதம்
நாற்பது நிமிஷம் பேசியவனும் நான்தான்.

மாலையில் அவள் அடுப்படிக்குப் போனேன்.
களிமண் அடுப்பின்மேல் அடுக்கடுக்காகச் சாளை.
"ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா?"
"போனேனே," என்று இடுப்புத் துணி முடிச்சிலிருந்து
சொட்டு மருந்தை எடுத்துக் காட்டினாள்.
"வேன்காரன் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.
அவனும் செவ்வாய்க்கிழமைப் பிள்ளையாம்.
திரும்பும்போதும் அவனேதான்.
உப்பு வாங்கலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை.
உன் காசு இல்லை, நீ தந்துவிட்டாய்.
அவன் காசு இல்லை, அவன் தொடவில்லை.
என் காசாக அது ஆகவே இல்லை.
அப்படியானால் யாருடையது?
வாத்தியார் நீ, கணக்குப் போடு."

சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

செடி என்ற சொல்லுக்கு
எங்கள் மொழியில் பழைய அர்த்தம் சோழி.
ஏதோ ஒரு கடல், யாரையும் எதுவும் கேட்காமல்,
கரையில் வைத்துவிட்டுப் போன ஓடு.
எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினேன் அதை,
ரூபாய் பைசாக் கணக்கு மாதிரி, சும்மா.

வாடகை, அரிசி, மகனின் ஃபீஸ்,
எல்லாம் போனபின் கோட்டுக்குக் கீழே விழுமே,
அதுதான் என் காணிக்கை.
கழித்தல் சரிதான்.
யாருடையதிலிருந்து கழிக்கிறேன் என்றுதான்
மேலே எழுதியதில்லை.

திங்களன்று வங்கியில்
நீல டேப்பைக் காசாளர் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்,
"செல்லும்" என்றாள்.
என் தாளொன்றை மாற்றி வைத்துவிட்டு
அதை எடுத்துக்கொள்ளலாமா என்று
வழியெல்லாம் யோசித்திருந்தேன்.
எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறும் செவ்வாய்தான் கடைசி,
முப்பத்திரண்டு செடி குறைவு.
கண்ணோரம் மருந்து மினுங்க
அராபா எல்லோரையும்விட நீளமாக ஆடினாள்.
பேரேட்டைப் பெஞ்சில் விட்டுவிட்டு
அவளுக்குப் பின்னால் நான்,
தாளம் தப்பி.