மூன்றே முக்கால் சென்ட்

பகலில் என் வேலை
தண்ணீரை உப்பாகச் சொல்வது.
வாலிநோக்கம் பாத்தியில் பொமே மீட்டரை மிதக்கவிட்டு
இருபத்து நாலைத் தொட்டதும்
மடையைத் திற என்பேன்.

சாயங்காலம் மூக்கையூருக்கு வந்து
அதே மீட்டரை
புதிதாய்ப் போட்ட போர் தண்ணீரில் விட்டேன்.
அரைக் கோட்டைக்கூட அது காட்டவில்லை.
பாத்திக்கு அது உப்பே இல்லை.
ரோஜாவுக்கு அது சாவு.

ஜெனோவா கேட்டது புல்வெளி.
கோத்தகிரியில் அவள் அண்ணன் காவல் பார்க்கும் பங்களாவில்
வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தாள்,
அன்றிலிருந்து
எங்கள் வாசல் மணல் அவளுக்குச் சுடுகிறது.

மதுரை நர்சரிக்காரன் போனில் சொன்னான்:
கொரியன் புல் சார், தினம் ரெண்டு வேளை தண்ணி.
என்ன தண்ணி, என்றேன்.
தண்ணிதான் சார், என்றான்.
அவனுக்கு ஒரே தண்ணி.
எங்களுக்கு
குடம் பன்னிரண்டு ரூபாய்த் தண்ணி,
எட்டு நாளைக்கொருமுறை குழாயில் இருமிவிட்டு வரும் தண்ணி,
துவைக்க மட்டும் ஆகிற தண்ணி,
துவைக்கவும் ஆகாமல் சோப்பை வெட்டிப்போடும் தண்ணி.

ஆகவே திட்டத்தை
கிழித்த காலண்டர் தாளின் முதுகில் வரைந்தேன்.
மனைக்கு நாலு பக்கம்.
காற்றுக்கு ரெண்டே பக்கம்.
வைகாசியில் கச்சான் மணலோடு ஏறிவரும் தென்மேற்கில்
புன்னை ரெண்டு, பூவரசு மூணு,
அவை மரமாகும்வரை
முன்னால் ஓர் ஓலைத் தட்டி.
வடகிழக்கில் ஒன்றும் நடக்கூடாது,
அது மழை நுழையும் பக்கம்.
பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் வழியில் முருங்கை.
வாழை கேட்டாள்.
ஒன்று. குளியலறைக்குப் பின்னால்.

நடுவில் ஒரு கட்டம், பத்துக்குப் பன்னிரண்டு.
இவ்வளவுதானா?
இவ்வளவுதான்.
கல்யாண ஜமுக்காளம்கூட இதைவிடப் பெரிசு, என்றாள்.
கட்டத்துக்குள் எழுதினேன்:
ஐப்பசி முதல் தை வரை புல், நாட்டு அருகு,
மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க இதற்கு.
மாசியில் மஞ்சள்.
பங்குனி முதல் மணல்.

மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள் கடற்கரையிலிருந்து
சிமெண்டுச் சாக்கு நிறைய அடம்பங்கொடியோடு வந்தாள்.
மணல் மாசங்களுக்கு, என்று
தாளில் தானே எழுதிக்கொண்டாள்.
எழுத்து என் கட்டத்தைத் தாண்டி
புன்னை வரைக்கும் போயிருந்தது.
அடம்பும் அப்படித்தான் போகும்.

நேற்று இரவு உப்பளத்தில் இருந்தபோது கிழக்கே மின்னியது.
பதினெட்டு வருஷமாய் அந்த வெளிச்சத்துக்கு
அம்பாரத்தில் ஓலை போட ஓடியிருக்கிறேன்,
மழையை அதன் தாயோடு சேர்த்து வைதபடி.
நேற்றும் ஓடினேன்.
ஓலை போட்டேன், கயிறு கட்டினேன்,
வைவதற்கு மட்டும் வாய் வரவில்லை.
மேஸ்திரி சவுரியப்பன் என் முகத்தில் டார்ச் அடித்து
உடம்புக்கு என்ன சார், என்றார்.

முதல் துளி விழுந்தது கண்ணாடியில்.
அங்கே அவள் இந்நேரம்
மாடிக் குழாயின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
நனைந்துகொண்டிருப்பாள்.