அச்சில் விழாத வரம்பு

சம்மாந்துறை, கமநல சேவை நிலையத்துக்கு எதிர்க் கடை.
மணி இரண்டரை. மூன்றரைக்குக் கந்தோர் பூட்டு.
பென்டிரைவைக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டு
வந்து நின்றார் வட்டவிதானை உதுமாலெவ்வை.
"ஊட்டுல நேராத்தான் இரிந்திச்சு புள்ள,
கந்தோர்ல துறந்தா எல்லாம் சரிஞ்சு கிடக்கு."

திறந்தேன். உரமானியப் பட்டியல்.
ஆதம்பாவாவின் ஆறு ஏக்கர்
பாத்தும்மாவின் வரிக்கு இறங்கி நின்றது.
அவளுடைய முக்கால் ஏக்கரைக் காணவில்லை.
தேடினால், அடுத்த பக்கத்தின் தலையில்
தனியே, யாருடையதுமில்லாமல்.

மறைகுறிகளைக் காட்டச் சொன்னேன்.
பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே
புள்ளி, புள்ளி, புள்ளி,
ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் புள்ளி.
இரவிரவாக விதைத்திருக்கிறான் மகன்,
கைவீச்சில்.
எழுத்துரு மாறி ஒரு 'லெவ்வை' அகலித்தால் போதும்,
வெளி முழுக்க நகரும்.

பிடுங்கினேன். நூற்றி நாற்பத்தேழு வரி.
இடைக்கு ஒரே ஒரு டேப்.
தசமப் புள்ளிகள் ஒன்றின் கீழ் ஒன்றாய் இறங்கின,
காணி பெரிசா சின்னதா என்று பாராமல்.

மீராலெவ்வை அகமதுலெவ்வை மட்டும் அடங்கவில்லை.
அவருக்காகவே அட்டவணைக்கு மாறினேன்.
கோடுகளை எடுத்துவிட்டேன்.
வெள்ளையாய், துப்புரவாய், எனக்குப் பிடித்தமாதிரி.

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"வரம்பெங்க புள்ள?"
"இரிக்கி காக்கா. அச்சில உழாது."
"உழாத வரம்பாலதான் புள்ள
இஞ்ச பாதி வழக்கு."

ஒன்றும் சொல்லாமல் எல்லாக் கோட்டையும் போட்டேன்,
அரைப் புள்ளித் தடிப்பில்.
ஒன்றாக்கச் சொன்னார். ஆக்கினேன்.

பிறகு கடிதம்.
இரு பக்கமும் நேராக்கியிருந்தான் பொடியன்.
'தங்கள்' இந்த ஓரத்தில்,
'உண்மையுள்ள' அந்த ஓரத்தில்,
நடுவே மாடு மேயலாம்.
இடப்பக்கம் ஒதுக்கினேன்; கிட்ட வந்தன.

மூன்று பத்து. பிரிண்டர் இருமி இருமித் தந்தது.
முதல் தாளை வாங்கி
பாத்தும்மாவில் விரலை வைத்து
முக்கால் வரைக்கும் இழுத்துப் பார்த்தார்,
வாய்க்கால் பார்ப்பதுபோல்.
"சரி, போய்ச் சேருது."

மை காய்ந்திருக்கவில்லை.
அவர் விரல் போன வழியில்
நீலமாய் ஒரு கோடு, கொஞ்சம் கோணலாக.
இன்னொரு பிரதி எடுக்கவா என்றேன்.
அதற்குள் பாதி றோட்டைக் கடந்துவிட்டார்.