பாதை

மண்முனைப் பாலத்தின் நடுவில் மூன்று எருமைகள்.
எட்டரைக்குள் விரலடையாளம் வைக்காவிட்டால்
அரைநாள் லீவு கழியும்.
ஹோனை அமத்திப் பிடித்தபடி
எருமைகளையும் அவற்றின் சொந்தக்காரனையும்
கூடவே பாலத்தையும் திட்டுகிறேன்,
இன்னும் இரண்டு முழம் அகலமாய்க் கட்டியிருக்கலாம் என்று.

பாலம் திறந்த கிழமை
அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றி வந்தேன்.
படுவான்கரையில் ஏறியவள்
காற்றில் பறந்த சேலைத் தலைப்பை
இழுத்துச் செருகி நிமிர்ந்தாள்:
எழுவான்கரை.
"இவ்வளவுந்தானா புள்ள?"
"இவ்வளவுதான்."
"கிறுகு. ஒருக்காத் திரும்பிப் போவம்."

அவளுடைய காலத்தில்
பாதை என்றால் தெரு இல்லை,
மிதவைமேல் பலகை அடித்து
கையால் இழுத்துக் கடக்கிற தட்டு.
அது அக்கரையில் நிற்கும்போதுதான்
இக்கரையில் யாருக்கும் அவசரம் வரும்.
ஆறு மணிக்குப் பிறகு அதுவும் இல்லை.
மீறினால் சூடு.

எனக்கு மூத்தவள் ஒருத்தி
அந்த ஆறு மணிக்குப் பிறகுதான்
வரத் தொடங்கினாள்.
முதலைக்குடாவிலிருந்து துறைவரைக்கும்
மாட்டுவண்டில், வைக்கோல், ஒரு அரிக்கன் லாம்பு.
லாம்பைத் தூக்கிக் காட்டவும் பயம்
காட்டாமல் இருக்கவும் பயம்.
அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று
பாதைக்கார இளையதம்பியின் பெயரைச்
சத்தம் போடாமல் கூப்பிட்டாராம்.
சத்தம் போடாமல் எப்படிக் கூப்பிடுவது என்று
நான் கேட்கவில்லை.

விடிந்து பாதை வந்தது.
ஆஸ்பத்திரிக்குப் போகிற தேவை
அதற்குள் முடிந்திருந்தது.
வண்டில் கிறுகியது.

அன்று ஐந்து தடவை பாலத்தைக் கடந்தோம்.
பெற்றோல் விலையைச் சொன்னேன்;
காதில் விழுத்தவில்லை.
நாலாம் தடவை
பக்கக் கண்ணாடியில் அவளுடைய உதடு அசைந்தது.
எண்ணுகிறாள்.
ஐந்தாம் தடவை, கரை தொட்டதும்,
"முப்பத்தொண்டு" என்றாள்.
வேறொன்றும் இல்லை.
மறுகா, ஆரையம்பதிச் சந்தி தாண்டும்போது
"பசிக்குது" என்றாள்.

எருமைகள் எப்போதோ விலகிவிட்டன.
இப்போது பின்னால் ஒரு ஓட்டோக்காரன்
என்னைத் திட்டி ஹோன் அடிக்கிறான்.
அவனுக்கும் எங்கேயோ எட்டரை.

முறுக்கிக்கொண்டு எண்ணத் தொடங்குகிறேன்.
நடுவிலிருந்து என்பதால்
பதினைந்து வருவதற்குள்
கரை.