கோடிட்ட இடம்

ஹென்னூர் மேம்பாலத்தின் கீழே
மூன்றாவது தூணோடு தூணாக நின்றது.
மழை. என் வண்டியில் பெட்ரோல் இல்லை.
நான் தள்ளிக்கொண்டு நடந்தேன்,
அது கூடவே வந்தது.
அவ்வளவுதான் எங்கள் அறிமுகம்.

மறுநாள் கம்மனஹள்ளி கிளினிக்கில்
ஒரு தாளை நீட்டினார்கள்.
பெயர்: இன்னும் யோசிக்கவில்லை.
வயது: தெரியாது.
மூன்றாவது கோட்டில் பிரீட் என்றிருந்தது.
எங்கள் வீட்டில் அதை
ஜாதி என்றுதான் சொல்வோம்.
பேனா அங்கேயே நின்றுவிட்டது.

காலையில்தான் வீட்டு ஓனர் தணிகாசலம்
மாடிப்படிக்கு அடியில் அதைப் பார்த்துவிட்டு
போனில் சொல்லியிருந்தார்:
"தெரு நாய்னா வேணாம்மா.
ஜாதி நாய்னா பாக்கலாம்.
சாயங்காலம் வந்து பாக்கறேன்."

பூனைக்கூடையை மடியில் வைத்திருந்த செண்பகராஜ்
கோவில்பட்டிக்காரர்.
கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்.
நெஞ்சுக்கூட்டைச் சாண் போட்டு அளந்தார்.
"வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு பாருங்க.
வால் நுனி அரிவாளு.
சிப்பிப்பாறைதான், அடிச்சுச் சொல்லுவேன்."

டெலிவரி சட்டையில் நின்ற மல்லேசப்பாவுக்கு
பாகல்கோட் பக்கம் ஊர்.
கலந்த தமிழில், அதட்டாமல் சொன்னார்:
"இது எங்க முதோள்.
மண்டை பாருங்க, நீட்டம், ஒடுங்கல்.
காதுக்கு நடுவுல மட்டும் அகலம்."

இரண்டு மாநிலங்கள்
ஒரு நாயின் இரண்டு பக்கமும் குந்தியிருந்தன.
நல்லவேளை, தண்ணீர்ப் பேச்சு வரவில்லை.
நாய்தான் தண்ணீர் கேட்டது.

கல்லூரிப் பையன் ஒருவன்
போனை அதன் முகத்துக்கு நேரே பிடித்தான்.
கிரேஹவுண்ட், அறுபத்திரண்டு சதவீதம்.
மீதி? என்றேன்.
மீதியைப் போன் சொல்லவில்லை.

ராஜபாளையம் இல்லை என்பதில் மட்டும்
எல்லோரும் ஒற்றுமை.
மூக்கு ரோஸாக இல்லையாம்.

என்னையும் ஒருமுறை
இப்படிப் பார்த்திருக்கிறார்கள்.
நான்கு வருஷம் முன்பு, வீடு கேட்டுப் போன அன்று.
பெயர் கேட்டார் தணிகாசலம். எழில்நங்கை என்றேன்.
அதில் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.
அப்பா பேரு? செழியன்.
அதிலும் இல்லை.
நெற்றியைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார்.
வாரத்தில் எத்தனை நாள் கறி எடுப்பீங்க என்றார்.
கழுத்தில் ஏதாவது தொங்குகிறதா என்று
கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏப்ரல் மாத வெயிலில்
துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டேன்.
சொந்த ஊரு? சொன்னேன்.
ஊர்ல எந்தத் தெரு?
பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன்.
எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டே கிடையாது.

டாக்டர் ஃபரீதா பல்லைப் பார்த்து
இரண்டு வயது என்றார்.
காய்ச்சல் இல்லை.
பின்னங்காலில் ஒரு பழைய முறிவு,
யாரும் கட்டுப்போடாமல் தானாகச் சேர்ந்தது.
நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கும்போது
கண்களை மூடிக்கொண்டார்.
எந்த ஜாதி என்று கேட்டேன்.

இடது காதை மடக்கிக் காட்டினார்.
நுனியில் ஒரு வெட்டு,
கண்டக்டர் டிக்கெட்டைக் கிள்ளின மாதிரி.
"கருத்தடை பண்ணித் திரும்ப விட்டதுக்கு
மாநகராட்சி போடுற அடையாளம்.
தெரு நாய்தான்மா.
இந்த நெஞ்சும் வாலும் எந்தப் பாட்டன் குடுத்ததோ,
அதுக்கு ரெக்கார்டு கிடையாது.
இதுக்கு மட்டும்தான் இருக்கு."

கோடிட்ட இடத்தை நிரப்புக.
ஐந்தாம் வகுப்பில்
நான் முழு மதிப்பெண் வாங்கும் பகுதி.
தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.
கவுண்டர் பெண் ஒன்றும் கேட்காமல்
ரசீது போட்டாள், எண்ணூற்றி ஐம்பது.

கேட்டருகே குடையோடு நின்றார் தணிகாசலம்.
நெஞ்சைப் பார்த்தார். வாலைப் பார்த்தார்.
சுற்றிவந்து, செருப்பு நுனியால்
பின்னங்காலை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.
நாய் அவரைப் பார்க்கவில்லை,
குடையிலிருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.
"நல்ல ஜாதி மாதிரிதான் இருக்கு.
சர்டிபிகேட் எதுனா உண்டா?"

நான் அதன் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன்,
தடவுகிற சாக்கில்
இடது காதை
உள்ளங்கையால் மூடிக்கொண்டு.